பெரிய அடிமரங்களை அறுக்க இயந்திர வாள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியில் உள்ள இண்டூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் அறிந்தோர்க்குப் புளியமரத்தின் உறுதியைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. வைரம் பாய்ந்த புளியின் அடிமரத்தை இருவர் ரம்பமிட்டு இழுத்தால் ஒரு பகல் கழிந்துவிடும். புயலென்பது கடற்கரை மாவட்டங்களுக்கே உரியது என்ற எண்ணமும் இனிப் பொருந்தாது. 2024 ஆம் ஆண்டு இறுதியில் பெஞ்சல் புயல் உள்நாட்டிற்குள் புகுந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாலையின் குறுக்கே மரம் வீழ்ந்தபின் இயந்திர வாளைத் தேடி அலைவதைவிட, ஊராட்சி ஒன்றை முன்னரே வாங்கி வைத்தல் நன்று. ஆனால் எதை வாங்குவது?

அடிமரத்தின் விட்டம் 3 அடி என்றால், வாளின் பாரும் 3 அடி நீளம் இருக்கவேண்டும் என்று பலர் கருதுகின்றனர். அது தேவையில்லை. 20 அங்குலப் பாரைக் கொண்டே இருபுறமும் மாறி நின்று அத்தகைய மரத்தை அறுத்துவிடலாம். சிறிய என்ஜினில் நீண்ட பாரை மாட்டினால் சங்கிலி திணறும். எண்ணெயும் பாரின் நுனிவரை போதிய அளவு சென்று சேராது. 20 அங்குலப் பாருக்கு 55 முதல் 65 சி.சி. வரையுள்ள என்ஜின் பொருத்தமாகும். தென்னைக்கும் வேம்பிற்கும் இதனிற் சிறியதே போதும்.

உண்மையில் மரத்தை அறுப்பது என்ஜினன்று, சங்கிலியின் பற்களே. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், மரத்தைத் துளைத்துண்ணும் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக அசைவதை 1946 ஆம் ஆண்டில் உற்று நோக்கி, அவ்வமைப்பிலேயே பற்களை வகுத்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவையே. மண்ணும் ஆணியும் ஏறிய சாலையோர மரங்களுக்கு, முனை சற்று உருண்ட பற்களுடைய சங்கிலி ஏற்றது. அதன் கூர் விரைவில் மழுங்குவதில்லை.

கூர் உள்ளதா என்பதை மரத்தூளே சொல்லிவிடும். செதில் செதிலாக விழுந்தால் சங்கிலி நன்று. மாவுபோல் விழுந்தால் நிறுத்தி அரம் போடவேண்டும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து சென்றால், அப்பக்கத்துப் பற்கள் நீண்டோ கூர்மை மிகுந்தோ இருக்கின்றன என்பது பொருள். ஒவ்வொரு பல்லின் முன்னும் உள்ள சிறு மேடு, பல்லினும் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருத்தல் அவசியம். அதற்கு மேலும் அராவித் தாழ்த்தினால் பல் மரத்தைக் கவ்வி, வாளை ஆள்மேல் உதைத்துத் தள்ளும்.

இனி என்ஜினைச் சரிசெய்யும் முறை. முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்க. அழுக்கடைந்த வடிகட்டியுடன் கார்புரேட்டரைத் திருகுவது வீண்வேலை. என்ஜினைச் சூடேற்றி, முடுக்காத நிலையில் சங்கிலி சுழலாதவாறு முதலில் வேகத்தை அமைக்கவேண்டும். பின்னர் முடுக்கியவுடன் தயங்காமல் வேகமெடுக்குமாறு தாழ்வேகத் திருகையும், இறுதியாக உயர்வேகத் திருகையும் சரிசெய்யலாம். சில புதிய இயந்திரங்கள் கலவையைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. அவற்றில் இத்திருகுகள் இரா.

உயர்வேகத் திருகில்தான் பலர் பணத்தை இழக்கின்றனர். அதனைக் கடிகாரத் திசையில் திருப்பினால் பெட்ரோல் குறைந்து, என்ஜின் கீச்சென்று வீறிடும். ‘ஆகா, என்ன வேகம்!’ என்று மகிழ்வர். பெட்ரோலுடன் கலந்த எண்ணெயும் குறைவதால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பழுதுபார்க்கும் செலவு புதிய இயந்திரத்தின் விலையை நெருங்கிவிடும். சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது ஓசை சற்றுத் தடித்துக் குளறவேண்டும். மரத்தில் இறங்கியவுடன் தெளியவேண்டும். அதுவே சரியான அமைப்பு.

ஏற்காட்டில் சரிசெய்த வாளை அப்படியே தருமபுரிக்குக் கொணர்தலும் ஆபத்தே. மலையில் காற்று மென்மையானது. அதற்கேற்ற பெட்ரோல் அளவு கீழே போதாது. எத்தனால் கலந்த பெட்ரோலும் இவ்வாறே கலவையை மெலியச் செய்வதுடன், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே 1 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து, அன்றன்று வேண்டியதை மட்டுமே கலப்பது முறை.

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, கனத்த காலணி ஆகியவற்றையும் சேர்த்தே மன்றத்தார் செலவு மதிப்பீடு தயாரிக்கவேண்டும். வேட்டியும் ரப்பர்ச் செருப்புமாக வாளேந்தி நிற்போரை இன்றும் காண்கிறோம்! இயந்திரத்தைப் பெறும் நாளில், கடைக்காரர் முன்னிலையிலேயே சங்கிலித் தடை உடனே பிடிக்கிறதா என்பதையும், முடுக்கிய வாளின் நுனியை வெளிறிய பலகைக்கு நேரே காட்டினால் எண்ணெய்க் கோடு விழுகிறதா என்பதையும் சோதித்துப் பணம் தருக.