கடலடி காணப் புறப்படுமுன்

மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தோர்க்குக் கடல் ஒரு தூரத்து உறவினர். ஆண்டுக்கொரு முறை சென்று கண்டு, கால் நனைத்துத் திரும்புவதோடு அவ்வுறவு முடிந்துவிடுகின்றது. ஆயினும் மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பல்லேகமவைச் சேர்ந்தோர் அவ்வாறு கூறித் தப்பிவிட இயலாது. அங்கு ஓடும் களுகங்கை அம்பன் கங்கையோடு கலக்கின்றது. அம்பன் கங்கை மகாவலியோடு சேர்கின்றது. மகாவலியோ திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. நாம் பஸ் வண்டிக்குக் காத்திருக்கும் வேளையில், நம் ஊர் மழைநீர் நமக்கு முன்னரே திருகோணமலைக்குப் புறப்பட்டுவிடுகின்றது! நீருக்கடியில் ஓர் ஊர் இருப்பதும் அவ்வூரவர்க்குப் புதிதன்று. பழைய பல்லேகமப் பட்டினம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்கு இடங்கொடுத்து மறைந்தது. அதற்கு ஈடாக அமைந்த புதிய லக்கல நகரம் 2018 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது.

விடுமுறை நெருங்கும்போது மாணவரும் பெற்றோரும் இப்பொழுதெல்லாம் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "காற்றுக் கலத்தை முதுகிற் கட்டிக்கொண்டு கடலடியில் இறங்கி மீன்களைப் பார்க்கலாமாமே, காலையிற் போய் இரவுக்குள் திரும்பிவிடலாமா?" என்பதே அது. திரும்பிவிடலாம்தான். ஆனால் எந்த வழியாகத் திரும்புகின்றோம் என்பதிலே உயிர்ப் பிரச்சினை ஒன்று அடங்கியிருக்கின்றது. அதனை விளக்குமுன், அங்கே போய்க் காணத்தக்கது யாது என்பதைச் சிறிது பார்ப்போம்.

சுழியோடுதல் தமிழர்க்குப் பழந்தொழில். மன்னார்க் கடலிலே முத்துக்குளித்தோர் கயிற்றிற் பிணைத்த கல்லின்மீது கால்வைத்து அடியில் இறங்கி, ஒரே மூச்சில் சிப்பிகளைக் கூடையிற் சேர்த்துக்கொண்டு மேலே வருவர். சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' ஒருவர் உடன் இருப்பார். ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்ததென்றால், மந்திரத்தின் வலிமையைக் காட்டிலும் தொழிலாளரின் மனத்தைரியத்தின் மதிப்பை அவ்வரசு உணர்ந்திருந்தது என்றே கொள்ளவேண்டும். அடக்கிய மூச்சுக்குப் பதிலாக அடைத்த காற்றைக் கொண்டுசெல்லும் கருவியை, பிரெஞ்சுக்காரரான கூஸ்தோ என்பவரும் கன்யான் என்பவரும் 1943 இல் உருவாக்கினர். அக்கருவியோடு 1956 இல் இலங்கைக்கு வந்த இருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் ஆவர். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் கற்கள், கோணமாமலையின் அடியிலே கடலுக்குள் கிடப்பதை உலகம் அறிந்தது அவர்களுடைய சுழியோட்டத்தினாலேயே. கடலடி காண்பது வெறும் வேடிக்கை என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் கிடக்கின்றது. அது ஐம்பது மீற்றர் ஆழத்திற்குரிய காட்சி. தேர்ந்த சுழியோடிகளுக்கே உரியது. நாம் அதனை விட்டுவிட்டு நிலாவெளிக்குச் செல்வோம்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது புறாமலை. மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் வந்த பெயர். 1963 இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இத்தீவு, 2003 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. தீவைச் சூழ்ந்துள்ள முருகைக்கற்பாறைகளே இதன் செல்வம். நூறளவான முருகை இனங்களும் முந்நூறளவான மீனினங்களும் இங்கு உண்டு. 1998 இல் இந்து சமுத்திரம் அளவுமீறி வெப்பமடைந்தபோது ஹிக்கடுவை முதலிய தென்கரை முருகைகள் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பகுதி பெருமளவிற்குத் தப்பியது. இன்று காணக்கிடைப்பது அவ்வாறு தப்பிப் பிழைத்த செல்வமேயாகும்.

முருகை கல் அன்று, உயிர். மிகச் சிறிய உயிரினங்கள் கோடிக்கணக்கிற் கூடி, சுண்ணாம்பினால் வீடுகட்டி வாழும் குடியிருப்பு அது. அவற்றின் உடலுக்குள்ளேயே நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கின்றன. நீர் மிகுதியாகச் சூடேறினால் இவ்வுறவு முறிகின்றது. பாசி வெளியேற, முருகை வெளிறிப் பட்டினியால் மடிகின்றது. மான்கொம்பு போற் கிளைத்த முருகை ஒன்றின்மீது ஒருவர் ஒருமுறை கால்வைத்தால், பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் முறிந்துவிடும். புறாமலையில் ஆழமற்ற நீரிலேயே முருகை வளர்வதால், நிற்கலாம் என்று எண்ணிக் காலூன்றுவோரே அதற்குப் பெருங்கேடு செய்கின்றனர்.

மீன்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இப்பக்கம் போதாது. கிளியின் அலகு போன்ற வாயையுடைய கிளிமீன் முருகையைக் கறுக்குமுறுக்கென்று கடிக்கும் ஓசை நீருக்குள் நன்கு கேட்கும். அது அரைத்து வெளியேற்றும் சுண்ணாம்பே மணலாகின்றது; வெப்பமண்டலத் தீவுகளின் வெண்மணலிற் பெரும்பங்கு இத்தகைய மீன்களின் கொடை என்று அறியும் பிள்ளைகள் முதலிற் சிரிப்பர், பின்னர் மணலைக் கையில் எடுத்துப் பார்ப்பர். கடற்சாமந்தியின் நச்சு விரல்களுக்கிடையே அச்சமின்றி வாழும் செம்மஞ்சள் நிறக் கோமாளிமீன்கள் யாவும் பிறக்கும்போது ஆண்களே. கூட்டத்திற் பெரியது பெண்ணாக மாறிக் குடும்பத்தை ஆள்கின்றது. வேறோரிடத்தில், விரலளவேயான நீலக்கோட்டு மீனொன்று கடை விரித்ததுபோல் நிற்க, பெரிய மீன்கள் முறைவைத்து வந்து, வாயைத் திறந்து, தம் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளை அகற்றுவித்துச் செல்லும். வாய்க்குள் புகுந்த அச்சிறு மீனை அவை விழுங்குவதில்லை. பாறையிடுக்கில் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடும். அது நம்மை வெருட்டுவதன்று, மூச்சுவிடுவதே. தொடாதவரை அதனால் தொல்லை இல்லை.

எல்லோரும் கேட்பது சுறாவைப் பற்றியே. செட்டையின் நுனி கறுத்த சுறாக்கள் புறாமலையின் சிறப்பு. ஐந்தடி நீளத்துக்குமேல் அரிதாகவே வளரும். மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும் கூச்ச சுபாவம் உடையவை. காலை வேளையில், ஆரவாரமற்ற நீரில், இடுப்பளவு ஆழத்துக்குச் சற்று அப்பாலேயே இவற்றைக் காணலாம். கடல்கட்டிக்கு இங்கு வேலையில்லை.

இடுப்பளவு நீருக்கு அப்பாலேயே சுறாவும், நெஞ்சளவு நீரில் முருகையும் காணக்கூடுமாயின், எல்லோரும் காற்றுக் கலம் கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எமது துணிபு. முகமூடியும் மூச்சுக்குழாயும் மிதப்புச் சட்டையும் அணிந்து நீர்மேற் கிடந்து பார்ப்பதே குடும்பத்திற் பெரும்பாலார்க்குப் போதுமானது. நீச்சல் அறிந்து, உடல்நலம் பொருந்தி, உண்மையான ஆவலும் உடைய ஓரிருவர் மட்டும் வழிகாட்டியோடு ஆழத்திற் சென்றால், மற்றையோர் அவர்கள் திரும்பி வந்து சொல்வதைக் கேட்கலாம். பயிற்சி இல்லாதோர்க்கென நடத்தப்படும் அறிமுகச் சுழியோட்டத்தில், பயிற்றுநர் உடனிருக்க 12 மீற்றர் வரையே இறங்கலாம். வயது பத்துக்குக் குறையலாகாது. பத்து வயது நிரம்பிய பிள்ளையெல்லாம் இறங்கத்தக்கது என்று இதற்குப் பொருளன்று. "பயமாயிருக்கிறது" என்று ஒரு பிள்ளை சொன்னால் பெற்றோர் அதனைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்தல் கூடாது. நீருக்குள் வற்புறுத்தலுக்கு இடமில்லை.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட பிரச்சினைக்கு வருவோம்.

நீரில் ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 12 மீற்றரில் நம்மைச் சூழ்ந்திருப்பது தரையிலுள்ளதைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம். அவ்வழுத்தத்திலேயே நாம் மூச்சிழுப்பதனால், காற்றிலுள்ள நைதரசன் வழக்கத்திலும் அதிகமாக இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துவிடுகின்றது. மெல்ல மேலே வந்தால், கரைந்தது மெல்ல நுரையீரல் வழியே வெளியேறும். விரைந்து வந்தாலோ, சோடாப் போத்தலைச் சட்டெனத் திறந்ததுபோலக் குமிழிகள் தோன்றும். மூட்டுகளில் குமிழி தோன்றினால் வலி. முண்ணாணில் தோன்றினால் கால் வழங்காமற் போகும். கடலட்டையும் சங்கும் எடுக்கக் காற்றுக் கலத்தோடு மீண்டும் மீண்டும் ஆழத்திற் சென்று, கணக்கின்றி மேலே வந்து, முடமாகிப்போன தொழிலாளர் நம் நாட்டுக் கரையோரங்களில் உள்ளனர். அதனாலேயே நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் மேலேறி, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தரித்து வரவேண்டும் என்று பயிற்றுநர் வற்புறுத்துகின்றனர். மேலேறும்போது மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

இவையெல்லாம் பயிற்றுநர் சொல்லித் தருவன. அவர் நம்மிடம் கேட்க மறக்கக்கூடியது, நாம் எங்கே திரும்பிச் செல்கின்றோம் என்பதை. கடலிலிருந்து எழுந்த பின்னரும் உடலில் நைதரசன் பல மணி நேரம் எஞ்சி நிற்கும். அந்நிலையில் அழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால், கரையேறிய பின்னும் குமிழி தோன்றலாம். ஒருமுறை மட்டும் சுழியோடினோர் 12 மணி நேரமும், பலமுறை இறங்கினோர் 18 மணி நேரமும் விமானம் ஏறலாகாது என்பது சுழியோட்ட மருத்துவர் வகுத்த விதி. விமானம் என்றவுடன் "நமக்கென்ன?" என்று எண்ணிவிடுகின்றோம். ஆனால் இவ்விதியிற் கருதப்படும் உயரம் ஏறத்தாழ 600 மீற்றரிலிருந்தே தொடங்குகின்றது. நுவரெலியா 1,868 மீற்றர்!

பல்லேகமக்காரருக்கு இது இவ்வாறு வந்து சேர்கின்றது. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, நாவுலை வழியாக லக்கலவை அடைவது தாழ்ந்த வழி. அதில் இத்தகைய உயரம் குறுக்கிடுவதில்லை. ஆனால் நம்மவர் பயணத்தில் ஒரு வழக்கம் உண்டு: போகும் வழியில் ஒரு கோயில், திரும்பும் வழியில் ஓர் உறவினர் வீடு. மாத்தளைக்கு வந்து முத்துமாரியம்மனைத் தரிசித்து, உறவினர் வீட்டில் உண்டு, பின்னர் இறத்தோட்டை வழியாக றிவஸ்ரன் மலையைக் கடந்து இல்லுக்கும்புரைக்கூடாகப் பல்லேகமவுக்கு இறங்கலாம் என்று வண்டிச் சாரதி யோசனை சொல்வார். குளிர்ந்த காற்று, பிள்ளைகளுக்கு மலைக்காட்சி. யாருக்குத்தான் ஆசை வராது? அவ்வழி ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறி இறங்குவது. அன்று காலை கடலில் இறங்கியவர் அன்று மாலை அவ்வழியே செல்லலாகாது. தோட்டப்புறங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கோ வேறு தாழ்ந்த வழியே இல்லை.

ஆகவே இதனை ஒருநாட் பயணம் என்று கொள்ளாமல், இரண்டு இரவுகளுக்கு இடைப்பட்ட ஒருநாள் என்று திட்டமிடுவதே முறை. முதல்நாள் பிற்பகல் புறப்பட்டு இரவு நிலாவெளியில் தங்குதல், மறுநாள் காற்று எழுமுன் கடலில் இறங்குதல், நண்பகல் ஓய்வு, மாலையில் கோணேசர் தரிசனம். கோணமாமலை ஏறத்தாழ நானூறு அடி உயரமே ஆதலால் அங்கு செல்ல அஞ்சவேண்டியதில்லை. அடுத்த நாட் காலை வீடு திரும்பலாம். ஹபரணை–கந்தளாய்ப் பாதையில் இருள் சூழ்ந்தபின் யானைகள் குறுக்கிடும் தொல்லையும் இதனால் நீங்கும். செலவு கூடுமே என்பர். கூடும்தான். செலவைச் சுருக்க வேண்டுமாயின் சுழியோட்டத்தை விட்டு மூச்சுக்குழாயோடு நிற்கட்டும். நீர்மேல் மிதப்போர்க்கு இவ்விதிகள் எவையும் இல்லை, அன்றே எம்மலையும் ஏறலாம்.

பயிற்றுநரைத் தெரிவுசெய்யும்போது கூச்சமின்றிக் கேள்வி கேட்கவேண்டும். சான்றிதழ் உண்டா? படகில் ஒட்சிசன் இருக்கின்றதா? ஒருவர் எத்தனை பேரை அழைத்துச் செல்வார்? புதியவராயின் இருவருக்கு மேல் வேண்டாம் என்போம் நாம். விபத்து நேர்ந்தால் அழுத்த அறைச் சிகிச்சைக்கு எங்கே கொண்டுசெல்வார்? உடல்நலம் பற்றிய படிவத்தைத் தந்து நிரப்பச் சொல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாகாது. படிவத்தை நிரப்புவோரும் உண்மையை எழுதவேண்டும். இழுப்பு, வலிப்பு, இருதய நோய், காது சத்திரசிகிச்சை ஆகியன இருப்பின் முன்கூட்டியே வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். சாதாரணத் தடிமல்கூட அன்றைய சுழியோட்டத்தை நிறுத்தப் போதுமானது. மூக்கடைத்த நிலையில் காதின் அழுத்தத்தைச் சமப்படுத்த முடியாது.

நீருக்குள் பேச்சில்லை, கைச்சைகையே மொழி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது தரையில் "நன்று" என்று பொருள்படும். கடலிலோ "மேலே செல்வோம்" என்பது அதன் பொருள். மகிழ்ச்சியில் அதனைக் காட்டிய மாணவனைப் பயிற்றுநர் உடனே மேலே கொண்டுவந்துவிடுவார்! பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்ப்பதே நலம் என்னும் சைகை. இவற்றை வண்டியிலேயே பிள்ளைகள் பழகிக்கொள்ளலாம். நான்கு மணி நேரம் பொழுதும் போகும்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் செல்வது வீண். போயா விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் புறாமலையில் மீனைக் காட்டிலும் மனிதரே மிகுதி. வார நாளே சிறந்தது. தீவில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டை வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் பெறவேண்டும். முறிந்து கிடக்கும் முருகைத் துண்டையும் எடுத்துவருதல் சட்டப்படி குற்றம். கடலில் இறங்க விரும்பாத பாட்டன் பாட்டியர்க்கும் பங்கு உண்டு: திருகோணமலைக் கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகே தொடங்குவதால், நீலத்திமிங்கிலங்கள் கரையை அண்டி வருவதுண்டு. அவை வரும் மாதங்களில், கோணேசர் கோயில் முன்றலில் அமர்ந்தபடியே அவை பீச்சும் நீராவித் தூணைக் கண்டோர் பலர். அதற்கு வேண்டியவை ஒரு தொலைநோக்கியும் பொறுமையுமே.