திறமை, சூதாட்டத்தை ஹலாலாக்குமா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய அருளும் சாந்தியும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக!



"சூதாட்டம் ஹராம் என்பது எங்களுக்கும் தெரியும். நாங்கள் ஆடுவதோ திறமை விளையாட்டு. கணக்குத் தெரிந்தவன் இதில் தோற்க மாட்டான்." இப்படி வாதிடும் இளைஞர்களை இன்று நாம் பரவலாகப் பார்க்கிறோம். அறந்தாங்கியிலும், மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அனுப்பிவிட்டு, மாதந்தோறும் வரும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பிள்ளை கைப்பேசியிலோ கேசினோ எந்திரத்திலோ சிக்கிக்கொண்டால், "ஹராம்" என்ற ஒரு சொல்லுக்கு அவன் மௌனமாவான். மனத்துக்குள் தன் கணக்கையே நம்பிக்கொண்டிருப்பான். ஆகவே அந்தக் கணக்கையே எடுத்துவைத்துப் பார்ப்போம்.

அம்புகளும் பங்குகளும்

திருக்குர்ஆன் சூதாட்டத்தை 'மைஸிர்' என்று குறிப்பிடுகிறது. அறியாமைக் காலத்து அரபுகளிடம் இருந்த மைஸிரைப் பற்றி விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளார்கள். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவார்கள். ஒரு பையில் பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகள் வெற்று. வெற்று அம்பு யார் பெயருக்கு வந்ததோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமையடித்துக்கொள்வார்கள்.

எந்த அம்புக்கு எத்தனை பங்கு என்ற பரிசுப் பட்டியல் அன்றே இருந்தது. ஏழைகளுக்கு அதனால் இறைச்சியும் கிடைத்தது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதாட்டத்திலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லி, அவற்றின் பாவம் அப்பயன்களைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் முழுத் தடை வந்தது. 'சில பயன்கள் உண்டு' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

ஒரே முகம், வேறு வேறு கணக்கு

அந்த அம்புப் பையின் இன்றைய வடிவங்களில் ஒன்று 'வீடியோ போக்கர்' எனும் எந்திரம். 1970களில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. பணத்தைச் செலுத்தினால் 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஐந்து சீட்டுகள் திரையில் வரும். விரும்பியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இறுதியில் அமையும் ஐந்து சீட்டுகளுக்கு, எந்திரத்தின் முகப்பில் உள்ள பட்டியல்படி பரிசு. எதிரே வேறு ஆட்டக்காரர் எவரும் இல்லை.

மற்றச் சூதாட்ட எந்திரங்களில் எது எத்தனை முறை வரும் என்பது உள்ளே மறைந்திருக்கும். இதிலோ சீட்டுகள் 52 என்பது தெரியும். பரிசுப் பட்டியலும் கண்முன் இருக்கிறது. எனவே கூட்டிக் கழித்துக் கணக்கிட முடியும். படித்தவர்களும் இதில் ஈர்க்கப்படுவது இதனால்தான்.

இவ்வகையில் புகழ்பெற்றது 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்'. ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஜோடியாக அமைந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள் அமைவது 'ஃபிளஷ்'. அதற்கு 6 மடங்கு. ஒன்றில் மூன்றும் மற்றொன்றில் இரண்டும் அமைவது 'ஃபுல் ஹவுஸ்'. அதற்கு 9 மடங்கு. இந்தப் பட்டியல் உள்ள எந்திரத்தில் ஒரு பிழையும் இல்லாமல் ஆடினால், நீண்ட கணக்கில் கட்டும் 100 ரூபாய்க்கு 99 ரூபாய் 54 காசு திரும்பும்.

பக்கத்திலேயே அதே பெயரில், அதே திரையோடு இன்னொரு எந்திரம் இருக்கலாம். அதில் ஃபுல் ஹவுஸுக்கு 8, ஃபிளஷுக்கு 5. திரும்புவது 97 ரூபாய் 30 காசு. அவை 7, 5 என்று குறைந்தால் 96 ரூபாய் 15 காசு; 6, 5 என்றால் 95 ரூபாய். மாறியவை இரண்டே இரண்டு வரிகள்!

மணிக்கு 600 ஆட்டம், ஆட்டத்துக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 3,000 ரூபாய் எந்திரத்துக்குள் போய் வருகிறது. முதல் எந்திரம் சராசரியாக 13 ரூபாய் 80 காசை எடுத்துக்கொள்கிறது. கடைசி எந்திரம் 150 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ பதினொரு மடங்கு வித்தியாசம்.

ஆட்டம் மாறினால் முடிவும் மாறும்

திறமை என்று சொல்லப்படுவது எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவில் இருக்கிறது. முதல் எந்திரத்தில் உங்களிடம் ஆட்டின் இனத்தில் ராஜா, 9, 6, 3 என நான்கு சீட்டுகளும், கிளாவர் ராஜாவும் இருப்பதாகக் கொள்வோம். இரு ராஜாக்களை வைத்துக்கொண்டால் கட்டிய ஒரு ரூபாயின் சராசரி மதிப்பு 1 ரூபாய் 54 காசு. ஃபிளஷைத் தேடி நான்கு ஆட்டினை வைத்துக்கொண்டால் 1 ரூபாய் 19 காசு. எனவே ராஜாக்களை வைப்பதே சரி. ராஜாக்களுக்குப் பதிலாக அங்கே இரண்டு 5 இருந்தால், அந்த ஜோடியின் மதிப்பு 82 காசு; நான்கு ஆட்டினின் மதிப்பு 1 ரூபாய் 15 காசு. இப்போது ஜோடியைப் பிரிப்பதே சரி.

'டியூசஸ் வைல்டு' என்ற ஆட்டத்தில் 2 என்ற சீட்டுகள் நான்கும் ஜோக்கர். பரிசு தொடங்குவதே ஒரே எண் மூன்று சேர்ந்தால்தான். முன்னதில் உதவாத சீட்டாக எறியப்பட்ட 2, இதில் ஒருபோதும் எறியக் கூடாதது. முன்னதில் தனியாக வந்தாலும் வைத்துக்கொள்ளத்தக்க ராஜா, இதில் தனியாக வந்தால் வெறும் சீட்டு. 'டபுள் டபுள் போனஸ்' என்ற வகையிலோ, இரண்டு ஜோடிகளுக்குரிய பரிசை இரண்டு மடங்கிலிருந்து ஒரு மடங்காகக் குறைத்து, அரிதாக வரும் நான்கு ஏஸ்களுக்குப் பெருந்தொகை வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கற்றது இன்னொன்றில் நஷ்டமாக முடியும்.

ஆக, திறமை என ஒன்று இதில் இருப்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சகோதரர்களே, அந்தத் திறமை செய்யும் வேலை என்ன? நூற்றுக்கு ஐந்து ரூபாய் இழப்பவனை அரை ரூபாய் இழப்பவனாக மாற்றுகிறது. அவ்வளவுதான்.

அந்த அரை ரூபாய்க் கணக்கின் உள்ளே

அரை ரூபாய்தானே என்று எண்ண வேண்டாம். முதல் எந்திரத்தில் சிறந்த முறையில் ஆடினாலும் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 55இல் ஒன்றும் கிடைக்காது. ஏறத்தாழ 21இல் கட்டிய பணம் மட்டும் திரும்பும். அதை எந்திரம் வெற்றி போல ஒலியெழுப்பிக் கொண்டாடும்.

ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை வரிசையாக அமைவது 'ராயல் ஃபிளஷ்'. ஐந்து காசுகள் சேர்த்துக் கட்டினால்தான் அதற்கு 800 மடங்கு. ஒரு காசு மட்டும் கட்டினால் 250 மடங்கே. அது வருவது சராசரியாக 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறை. மணிக்கு 600 ஆட்டம் என்றால் 67 மணி நேரத்துக்கு ஒருமுறை! அந்த 99 ரூபாய் 54 காசில் ஏறத்தாழ 2 ரூபாய் இந்த ஒன்றுக்காக ஒதுக்கப்பட்டது. அது வரும்வரை திரும்புவது 97½ ரூபாய்தான். இத்தனை மணி நேரம் ஆடிவிட்டேன், இனி வந்தே தீரும் என்று எண்ணுவதும் வீண். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. எந்திரத்துக்குப் பழைய ஆட்டம் நினைவில் இல்லை.

நூற்றுக்கு மேல் தந்தால்?

இங்கே அறிவாளி இளைஞன் ஒரு கேள்வி கேட்பான்: "நூற்றுக்கு மேல் திருப்பித் தரும் எந்திரம் உண்டே!" உண்மை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வைக்கப்பட்ட ஒரு டியூசஸ் வைல்டு பட்டியல், பிழையின்றி ஆடினால் நூற்றுக்கு 100.76 திருப்பியது. இன்று அது மிக அரிது. அதில் நான்கு ஒரே எண்ணுக்கான பரிசை 5 மடங்கிலிருந்து 4 ஆகக் குறைத்தாலே, நூறு ஏறத்தாழ 94 ஆகிவிடும். அசல் பட்டியலிலும் ஆட்டத்துக்கு ஒன்றேகால் டாலர் கட்டி, மணிக்கு 600 ஆட்டம் தவறின்றி ஆடினால், சராசரி ஆதாயம் மணிக்கு ஆறு டாலரைத் தொடாது. சில தவறுகளே அதையும் விழுங்கிவிடும்.

ஆனால் நம் பதில் இந்தக் கணக்கில் நின்றுவிடக் கூடாது. நஷ்டம் வரும் என்பதற்காக மட்டுமே சூது தடுக்கப்பட்டிருந்தால், ஆதாயம் தரும் எந்திரம் ஆகுமானதாகிவிடும். இங்குதான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன சொல் உதவுகிறது. பயன் உண்டு என்பதை அல்லாஹ்வே சொல்லிவிட்டான். அதன் பிறகே தடுத்தான். மாயிதா 91ஆம் வசனம் சொல்லும் காரணங்கள் பகைமை, வெறுப்பு, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கப்படுவது ஆகியவை. ராயல் ஃபிளஷுக்காக 67 மணி நேரம் திரைமுன் அமர்ந்தவன் எத்தனை பாங்கொலிகளைக் கடந்திருப்பான்? அவன் வென்ற பணம் எந்த உழைப்புக்கு, எந்தப் பொருளுக்கு ஈடாக வந்தது?

மார்க்கம் திறமைக்கு எதிரானதன்று. அம்பெய்தலுக்கும் குதிரை, ஒட்டகப் பந்தயத்துக்கும் பரிசு வழங்கலாம் என்று நபிமொழி அனுமதிக்கிறது (அபூதாவூத், திர்மிதீ). போட்டியில் ஈடுபடாத ஒருவர் வென்றவருக்குப் பரிசளிப்பதை அறிஞர்கள் ஆகுமாக்கினார்கள். ஒருவர் பணம் மற்றவருக்குப் போகும்படி பந்தயம் கட்டுவதையே சூது என்றார்கள். வா, சூதாடுவோம் என்று தோழனை வாயால் அழைத்தவன்கூட அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள் (புகாரீ, முஸ்லிம்). அழைப்புக்கே பரிகாரம் என்றால் ஆட்டத்தின் நிலை என்ன?

நாட்டுச் சட்டம் நடந்த பாதை

நம் நாட்டில் இந்தத் 'திறமை' வாதம் நெடுங்காலம் நீதிமன்றங்களில் நின்றது. 1968இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது. 2003இல் தமிழகத்தில் லாட்டரி தடைசெய்யப்பட்டது. பிறகு கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் வந்தன. அவற்றில் ஆடுவோர் ஒருவருக்கொருவர் எதிராக ஆட, நிறுவனம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். யார் வென்றாலும் ஆடுவோர் அனைவரின் மொத்தப் பணம் குறைந்துகொண்டே வரும்.

2020 நவம்பரில் தமிழக அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு இத்தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுத்தது. பணம் வந்து சேர்ந்த இடத்தில் திறமை என்ற வேறுபாடு பொருளற்றது என்ற முடிவுக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆயின!

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

மலேசியாவின் கெந்திங் கேசினோவுக்குள் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. சிங்கப்பூரில் 2010இல் இரண்டு கேசினோக்கள் திறக்கப்பட்டன. தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் எளிதில் நுழையாதிருக்க அந்நாடு நுழைவுக் கட்டணம் வைத்தது. 2019 முதல் அது ஒரு நாளைக்கு 150 வெள்ளி. பிழைக்கப் போன வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. தன் மக்களுக்கு அந்நாடு போட்ட வேலி நம் பிள்ளைக்கு இல்லை என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். அவனுக்கு வேலி ஈமானும், வீட்டிலிருந்து போகும் சொல்லும்தான். அங்கே தன்னைத் தானே கேசினோவிலிருந்து விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கும் வசதி உண்டு. சிக்கியவர் வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.

பணம் வருவது திடீரெனக் குறைந்தால், காரணமில்லாமல் கடன் கேட்டால், திட்டுவதற்கு முன் விசாரியுங்கள். தோற்றதை மீட்க ஒரு கடைசி ஆட்டம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; கடனை நேரடியாக அடைக்க வழிசெய்யுங்கள். மகன் "கணக்குத் தெரியும்" என்றால், இந்தக் கணக்கையே அவன் முன் வையுங்கள். கணக்கை முழுமையாகப் படித்தவன் கண்டெடுக்கும் மிகச் சிறந்த ஆட்டம், ஆடாமல் எழுந்து வருவதுதான்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் சூதின் எல்லா வடிவங்களிலிருந்தும் காப்பானாக! சிறிதாயினும் ஹலாலான ரிஸ்க்கில் பரக்கத் செய்வானாக! சிக்கியவர்களுக்குத் தவ்பாவின் வாசலைத் திறந்து, அவர்களின் குடும்பங்களில் நிம்மதியைத் தருவானாக! ஆமீன்.