டின்னில் பதிவு எண் இருந்தால் போதுமா?

மருந்தடிக்கும் தாய்மார்களே, தோழர்களே!

புல்லுக்கும் பூச்சிக்கும் அடிப்பதை நாம் 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். லேபிளைப் பாருங்கள், 'ராச்சுன்' என்றிருக்கும். அதாவது நஞ்சு. "பதிவு பண்ண சாமான்தானே, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ பதிவில்லாமல் இந்த நாட்டில் விற்கக்கூடாது. சரக்கின் நச்சுத்தன்மை பற்றிய ஆய்வு விவரங்களைக் கம்பெனி பூச்சிக்கொல்லி வாரியத்திடம் கொடுக்க வேண்டும். வாரியம் ஒப்புக்கொண்டால் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

எண் இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். லேபிளில் சொன்ன அளவில் கலந்து, சொன்ன கையுறை, பூட்ஸ், முகமூடியோடு அடிப்பீர்கள் என்ற கணக்கில்தான் அந்த அனுமதி. கிழிந்த கையுறைக்கும், முதுகில் ஒழுகும் பம்புக்கும், எதிர்க்காற்றுக்கும் அந்த எண் காவல் நிற்காது.

பாராகுவாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பதிவோடுதான் பல வருஷம் செம்பனை, ரப்பர் தோட்டங்களில் அடிக்கப்பட்டது. தோலையும் நகத்தையும் கெடுக்கும். மூக்கில் ரத்தம் வரவைக்கும். வயிற்றுக்குள் போனால் நுரையீரலை அழிக்கும். முறிமருந்தே கிடையாது. 2002-இல் அரசாங்கம் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் பிடியைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை வந்தது. இடையில் போனது 17 வருஷத்துக்கு மேல்!

ஆகவே டின்னைப் பார்த்தால் மட்டும் போதாது, வேலையையும் பார்க்க வேண்டும். அதற்கென்று 2000-ஆம் ஆண்டில் வேலையிட இரசாயன விதிகள் வந்தன. எந்த இரசாயனம், யார் அடிக்கிறார், எப்படி மேலே படுகிறது என்பதைத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து நிர்வாகம் கணக்கெடுக்க வேண்டும். இரசாயனப் பட்டியலைத் தொழிலாளர் பார்க்கும்படி வைக்க வேண்டும். பயிற்சி தர வேண்டும். மருத்துவச் சோதனை தேவை என்று மதிப்பீடு சொன்னால், செலவு நிர்வாகத்தினுடையது.

புக்கிட் செந்தோசாவிலிருந்து கோலசிலாங்கூர் வரை செம்பனையில் வேலை செய்யும் நீங்கள் ஆபீசில் கேட்க வேண்டியவை மூன்று: இன்றைக்கு அடிப்பது என்ன? அதன் மதிப்பீடு எங்கே? எங்களுக்குச் சோதனை எப்போது? தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் தோட்டக் கமிட்டி மூலம் கேளுங்கள்.

வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்; பிள்ளைகள் சட்டைக்கும் நஞ்சு ஏறும். காலி டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள். மீந்ததைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். மயக்கமோ வாந்தியோ வந்தால் வேலையை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே கிளினிக் போங்கள். போகும்போது லேபிளையும் எடுத்துப் போங்கள். பெயர் தெரிந்தால் டாக்டர் வைத்தியத்தைத் தாமதமின்றித் தொடங்கலாம். வேலையால் வந்த நோய் என்றால் சொக்சோவில் மனுப் போடவும் அந்தப் பெயர் உதவும்.