வேலூர் மூஞ்சூறு காட்டிக் கொடுத்த வைரஸ்

வேலூர் நகரில் தோட்டப்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயர் இன்று உலகெங்கும் உள்ள கிருமி ஆராய்ச்சிக்கூடங்களில் வழங்குகிறது. காரணம், 1964-ம் ஆண்டு அங்கே பொறியில் சிக்கிய ஒரு மூஞ்சூறு!

அப்போது விஞ்ஞானிகள் தேடியது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியை. மூஞ்சூறின் உடலில் கிடைத்ததோ, அதுவரை யாரும் அறியாத வேறொரு வைரஸ். பிடிபட்ட இடத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1971-ல் விவரம் வெளியாயிற்று. கொசு, உண்ணி போன்றவற்றால் பரவும் கிருமிகளில் ஒன்று என எண்ணிப் பட்டியலில் சேர்த்தார்கள்.

கொரியாவில் மர்மக் காய்ச்சல்

1950-53 கொரிய யுத்தத்தின்போது ஐ.நா. படையினர் 3,000 பேருக்கு மேல் ஒரு மர்மக் காய்ச்சல் கண்டது. சிறுநீரகம் பழுதாகி, ரத்தம் கசிந்து பலர் மாண்டனர். டாக்டர் ஹோ வாங் லீ 1976-ல்தான் வயல் எலியின் நுரையீரலில் அக்கிருமியின் தடயத்தைக் கண்டார். ஹன்டான் ஆற்றின் பெயரால் அது ‘ஹன்டா’ வைரஸ் ஆயிற்று.

பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. தோட்டப்பாளையம் வைரசும் அதே குடும்பம்! ஹன்டா வகையில் முதலில் பிடிபட்டது வேலூர்க் கிருமிதான்.

எலி அல்ல

பிள்ளையாரின் வாகனமான மூஞ்சூறை நாம் எலியோடு சேர்த்துப் பேசுகிறோம். உண்மையில் அது பூச்சி தின்னும் தனி இனம். ஆகவே எலிகளை மட்டும் சோதித்தால் போதாது என்பது புலனாயிற்று. 2007-ல் இக்கிருமியின் மரபணு அமைப்பு முழுதும் தெரிந்தது. அதன்பின் பல நாடுகளில் மூஞ்சூறு, அகழெலி, வௌவால் ஆகியவற்றிலும் புதிய ஹன்டா கிருமிகள் அகப்பட்டன. மூஞ்சூறுக் கிருமிகளின் ஒரு பிரிவுக்கு ‘தோட்டிம் வைரஸ்’ என்றே பெயர். தோட்டப்பாளையமும் கொரியாவின் இம்ஜின் ஆறும் சேர்ந்த பெயர் அது.

பீதி வேண்டாம்

தோட்டப்பாளையம் வைரசால் மக்களிடையே நோய் பரவியதாகத் தகவல் இல்லை. ஆனால் ஹன்டா வகையில் உயிர்க்கொல்லிகள் உண்டு. தமிழ்நாட்டில் தானியக் கிடங்குத் தொழிலாளர், எலி பிடிக்கும் இருளர் ஆகியோரில் சிலரது ரத்தத்தில் ஹன்டா தொற்றின் அடையாளம் காணப்பட்டிருக்கிறது.

எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி, மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. பூட்டிக் கிடந்த அறையையோ கிடங்கையோ திறந்தவுடன் வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. முதலில் காற்றாட விடவேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, நன்கு ஊறிய பின் துடைத்தெடுக்க வேண்டும். மூட்டை தூக்குவோரும், அவர்களை வேலை வாங்குவோரும் இதை மனத்தில் கொள்வது நல்லது.