கேள்வியின் சொல் மாறினால் மரணங்களும் மறையும்

2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி எழுந்தது: கடந்த ஐந்து ஆண்டுகளில் கையால் மலம் அள்ளும் பணியில் எத்தனை பேர் இறந்தனர்? அத்தகைய மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய சமூகநீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே எழுத்து மூலம் பதிலளித்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே அமைச்சகம் மக்களவையில் வேறொரு கணக்கைத் தந்திருந்தது: 2020 டிசம்பர் 31 வரையிலான ஐந்தாண்டுகளில் பாதாளச் சாக்கடைகளையும் மலக்குழிகளையும் சுத்தம் செய்தபோது 340 பேர் உயிரிழந்தனர்.

340 எவ்வாறு சுழியமாயிற்று? விடை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைகளில் இருக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பிடங்களில் மனித மலத்தைக் கையால் அகற்றுவோரை அச்சட்டம் ஒரு வகையாகவும், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலோ மலக்குழியிலோ இறக்கப்படுவதை ‘அபாயகரமான துப்புரவு’ என மற்றொரு வகையாகவும் பிரிக்கிறது. நச்சுவாயு தாக்கி இறப்போர் இரண்டாம் வகையில் சேர்க்கப்படுகின்றனர். முதல் வகையின் பெயரால் கேட்டால் அரசு ‘இல்லை’ என்று சொல்லிக் கடந்துவிடும். சாதி ஒன்றுதான், குழியும் ஒன்றுதான். சொல் மட்டுமே வேறு.

எனவே நாடாளுமன்றக் கேள்வி எவ்வாறு இயங்குகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம். உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே கேள்வியை எழுத்தில் அளிக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதிலளிப்பார். துணைக் கேள்விகள் கேட்கலாம். அவரது மழுப்பலை அங்கேயே மடக்கும் வாய்ப்பு அதில்தான் உண்டு. ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு அத்தகைய கேள்விகள் 20 மட்டுமே இடம்பெறும். அவற்றிலும் சிலவே அவையில் எடுக்கப்படுகின்றன. குறியிடாத கேள்விகளுக்கு எழுத்து வடிவப் பதிலே கிடைக்கும்; துணைக் கேள்விக்கு இடமில்லை. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டது.

பதில் வந்தபின்னும் வழிகள் உள்ளன. விளக்கம் போதாதெனில் அரைமணி நேர விவாதம் கோரலாம். ‘தகவல் திரட்டப்படுகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கொள்ளப்படும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அதனைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. துப்புரவு மாநிலப் பொறுப்பு என்று ஒன்றிய அரசு விலகிக்கொண்டால் அதே கேள்வியைச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

இந்த எண்ணிக்கையில் குடும்பங்களின் உரிமை அடங்கியிருக்கிறது. 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்தோரை அடையாளம் கண்டு, அவர்தம் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. கணக்கில் வராத மரணத்திற்கு இழப்பீடு வராது; வழக்கும் வராது.

ஆகவே நம் தொகுதி உறுப்பினரிடம் மனு அளிப்பதோடு நின்றுவிடாமல், கேள்வியையே எழுதிக் கொடுப்போம். மாவட்டவாரியாக எத்தனை மரணங்கள், எத்தனை முதல் தகவல் அறிக்கைகள், எத்தனை தண்டனைகள், எத்தனை குடும்பங்களுக்கு முழு இழப்பீடு எனத் தனித்தனியே கேட்போம். ‘கையால் மலம் அள்ளுதல்’, ‘அபாயகரமான துப்புரவு’ ஆகிய இரு சொற்களையும் ஒரே கேள்வியில் வைப்போம். அரசு நுழைந்து தப்பும் இடைவெளியை அடைக்கும் முதல் வேலை அதுவே.