பளபளக்குற பிட்காயின் காசு... உரசிப் பார்க்காம வாங்காதீங்க!

ஆழ்வார்குறிச்சி ரயில்வே ஸ்டேஷன். செங்கோட்டை ரயில் வர இன்னும் நேரம் இருக்கு. கூடப் படிச்ச பையன் ஒருத்தன் பாக்கெட்டுல இருந்து தங்க நிறத்துல ஒரு காசை எடுத்துக் காட்டுறான்னு வெச்சுக்கோங்க. நடுவுல பெருசா 'பி' எழுத்து, மேலயும் கீழயும் ரெண்டு கோடு. "எலேய், இது பிட்காயின்லே. வெளிய வாங்கினா பல லட்சம். உனக்குன்னா கொறச்சுத் தாரேன்"னு சொல்றான்.

என்ன செய்வீங்க?

இதே பையன் ஒரு தங்கச் செயினைக் காட்டியிருந்தா உங்களுக்கு வழி தெரியும். நேரா நகைக்கடைக்குப் போவீங்க. அங்க உரைகல்லுல உரசிப் பாப்பாங்க. நீங்களே கூட அதுல இருக்கிற 6 இலக்க ஹால்மார்க் எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டுப் பார்க்கலாம். தங்கத்தை நம்புறதுக்கு நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா வழி இருக்கு. பிட்காயினுக்கும் உரைகல் இருக்கு. ஆனா, அது காசோட மேல்பக்கத்துல இல்ல.

பிட்காயின் எங்கதான் இருக்கு?

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடலாம். பிட்காயின்ங்கிறது உலோகக் காசே கிடையாது. சதோஷி நகமோட்டோங்கிற புனைபெயர்ல ஒருத்தர் 2008 அக்டோபர் 31-ல அதோட திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3-ல அது ஓட ஆரம்பிச்சது. அது ஒரு கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். எந்த முகவரியில எவ்வளவு இருக்குங்கிற விவரம், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள்ல ஒரே மாதிரி எழுதியிருக்கும். யார் வேணாலும் படிக்கலாம், யாரும் அழிச்சு எழுத முடியாது.

அந்தப் புத்தகத்துல இருக்கிற காசை நகர்த்த ஒரு ரகசிய எண் வேணும். அதுக்குப் பேர் 'பிரைவேட் கீ'. நம்ம பாஷையில சொன்னா, சாவி. இந்தச் சாவி யார்கிட்ட இருக்கோ, அவங்கதான் உரிமையாளர். புத்தகம் பேரைக் கேட்காது, ஆதாரைக் கேட்காது, சாவி சரியாங்கிறதை மட்டும் பார்க்கும். சாவியைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருந்தா, முந்திக்கிட்டவருக்குத்தான் காசு. ஒரு தடவை போயிடுச்சுன்னா திருப்பி வாங்க எந்த மேனேஜரும் கிடையாது.

ஆகவே, அந்தப் பையன் காட்டுற காசுகிட்ட கேட்க வேண்டிய கேள்வி, "நீ தங்கமா?"ங்கிறது இல்ல. "உனக்குள்ள சாவி இருக்கா? அது வேற யாருக்காவது தெரியுமா?"ங்கிறதுதான்.

உள்ளே சாவி வெச்ச காசு

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு விக்கிற பெரும்பாலான 'பிட்காயின்' காசுகள் வெறும் அலங்காரப் பொருள். அதுக்குள்ள சாவியும் கிடையாது, பிட்காயினும் கிடையாது. மேஜையில வெச்சு அழகு பார்க்கலாம். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ஆனா, நிஜமாவே சாவி வெச்ச காசுகளும் உண்டு. 2011-ல அமெரிக்காவோட யூட்டா மாநிலத்துல மைக் கால்டுவெல்ங்கிற சாஃப்ட்வேர் இன்ஜினீயர் 'கசேஷியஸ்'ங்கிற பேர்ல பித்தளைக் காசுகளைச் செஞ்சு விக்க ஆரம்பிச்சார். காசுக்குள்ள சின்னக் காகிதத்துல சாவி இருக்கும். அதுக்கு மேல ஹாலோகிராம் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரிச்சா தேன்கூடு மாதிரி தடம் விழுந்து, 'உரிச்சாச்சு'ன்னு காட்டிக்கொடுக்கும். முகவரியோட முதல் 8 எழுத்துகள் வெளியிலயே தெரியும். அதை வெச்சு அந்தப் பொதுக் கணக்குப் புத்தகத்துல 'இன்னும் பணம் இருக்கா'ன்னு பார்த்துக்கலாம்.

2013 நவம்பர்ல அமெரிக்காவின் நிதிக் குற்றத் தடுப்பு அமைப்பான ஃபின்சென், 'இது பணப் பரிமாற்றத் தொழில், பதிவு செய்யணும்'னு சொன்னதும், பிட்காயின் ஏத்தின காசுகளை விக்கிறதை அவர் நிறுத்திட்டார். இன்னைக்கு உரிக்காத கசேஷியஸ் காசுகளுக்கு, உள்ளே இருக்கிற பிட்காயின் மதிப்புக்கு மேலயே சேகரிப்பாளர்கள் விலை கொடுக்குறாங்க.

நம்பிக்கை ஓட்டையாகுற இடங்கள்

கேட்க நல்லா இருக்குல்ல? இப்போ உரசிப் பார்க்கலாம்.

முதல் இடம், செஞ்சவர். சாவியை உருவாக்கிக் காகிதத்துல அச்சடிச்சது அவர்தான். ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலையான்னு எப்படித் தெரியும்? தெரிய வழியே இல்ல. அவரோட நல்ல பேரை நம்புறதுதான். கால்டுவெல்லுக்கே இது புரிஞ்சிருந்தது. வாங்குறவர் தன்னோட பாஸ்வேர்டு இல்லாம சாவி வேலை செய்யாதபடி ஒரு முறையை அவர் வடிவமைச்சார். 'பிப் 38'னு அதுக்குப் பேர். செஞ்சவரையே நம்பத் தேவையில்லாத மாதிரி செய்றதுதான் அதோட நோக்கம்.

ரெண்டாவது, ஸ்டிக்கர். 2013-ல டெஃப்கான்ங்கிற ஹேக்கர்கள் மாநாட்டுல, ஊசி வழியா ஒரு கரைப்பான் திரவத்தைச் செலுத்தி, ஹாலோகிராமைச் சேதமில்லாம எடுத்துத் திரும்ப ஒட்ட முடியும்னு காட்டினாங்க. இன்னொண்ணையும் யோசிங்க. 2011-ல ஒரு பிட்காயின் சில டாலர்கள்தான். இன்னைக்கு அதே ஸ்டிக்கர் பல லட்ச ரூபாயைக் காவல் காக்குது. கொல்லைப்புறத்துக் கதவுக்குப் போட்ட பூட்டை, பேங்க் லாக்கருக்குப் போட்ட கதைதான். பூட்டு மாறல, உள்ளே இருக்கிற மதிப்பு மாறிடுச்சு.

மூணாவது, கைமாறி வந்த வழி. உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட இருந்ததோ, அத்தனை பேரையும் நீங்க நம்பியாகணும்.

முகவரியில பணம் இருக்குன்னு காட்டுறதும் முழு உத்தரவாதம் கிடையாது. 'இப்போ இருக்கு'ன்னுதான் அது சொல்லும். 'நாளைக்கும் இருக்கும்'னு சொல்லாது.

சரி, ஆப்ல வாங்கினா?

உலோகக் காசே வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் ஆப்ல வாங்கிக்கிறேன்னு நீங்க சொல்லலாம். அங்கயும் கேள்வி அதேதான். சாவி யார்கிட்ட இருக்கு?

பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கிட்டதான். உங்க ஸ்கிரீன்ல தெரியுறது, அவங்க உங்களுக்குத் தர வேண்டிய கணக்கு. 2024 ஜூலை 18-ல இந்தியாவோட பெரிய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸ்ல இருந்து சுமார் 23 கோடி டாலர், அதாவது கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ களவுபோச்சு. லட்சக்கணக்கானவங்க கணக்கு முடங்குச்சு. ஒரு வருஷத்துக்கும் மேல காத்திருந்தாங்க.

அதுல ஒரு வழக்கு நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 ஜனவரியில சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கின ஒருத்தர், 'களவுபோனது வேற வகை டோக்கன், என் காயினை ஏன் முடக்குறீங்க?'ன்னு கேட்டார். 2025 அக்டோபர்ல நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ஒரு சொத்து, அதை ஒருத்தருக்காக இன்னொருத்தர் நம்பிக்கைப் பொறுப்புல வெச்சிருக்க முடியும்னு சொல்லி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார்.

இது முக்கியமான தீர்ப்பு. ஆனா சொத்துன்னு சொன்னதால, கிரிப்டோ செல்லுபடியாகும் பணம் ஆகிடாது. பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் இல்ல. லாபத்துக்கு 30% வரி உண்டு. ஒரு காயின்ல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்கவும் முடியாது.

சாவியை நீங்களே வெச்சுக்கிட்டா?

அப்போ காவல்காரர் நீங்கதான். வாலட் ஆப் உங்களுக்கு 12 அல்லது 24 சொற்களைத் தரும். அதுதான் சாவியோட மூலம். பலரும் செய்ற முதல் தப்பு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்குறது. போட்டோ கிளவுடுக்குப் போயிடும். கிளவுடு பாஸ்வேர்டு கசிஞ்சா காசும் போச்சு.

காகிதத்துல எழுதி பீரோவுல வெக்கலாம். ஆனா, 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி கரைபுரண்டப்போ வீட்டுப் பத்திரம், மார்க்‌ஷீட் எல்லாம் ஊறிப்போன வீடுகளை நினைச்சுப் பாருங்க. மார்க்‌ஷீட்டுக்கு நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்த 12 சொற்களுக்கு நகல் தர எந்த ஆபீஸும் இல்ல. அதனால, ரெண்டு பிரதி எழுதி ரெண்டு வேற வீட்டுல வைங்க. கல்யாணச் சீர்ப் பாத்திரத்துல பேர் வெட்டுவாங்கல்ல, அந்த மாதிரி எவர்சில்வர் தகட்டுல பொறிச்சும் வெக்கலாம். ஆனா பாத்திரக்கடையில கொடுத்து வெட்டாதீங்க, நீங்களே செய்யுங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா எடுக்க வேண்டியவங்க யாரோ, அவங்களுக்கு அது எங்க இருக்குன்னு மட்டுமாவது தெரியணும்.

அந்தப் பையனுக்கு என்ன பதில்?

மூணு கேள்வி கேளுங்க. "இதோட முகவரி என்ன? அதுல இப்போ எவ்வளவு இருக்கு? உள்ளே இருக்கிற சாவி யார் யார் கண்ணுல பட்டிருக்கு?" முதல் கேள்விக்கே முழிச்சா, அது வெறும் அலங்காரக் காசு. மூணாவது கேள்விக்கு 'யாருமே பாக்கல, சத்தியமா'ன்னு சொன்னா, அது அவன் மேல இருக்கிற நம்பிக்கை. பிட்காயின் மேல இருக்கிற நம்பிக்கை இல்ல.

ஆசை இருந்தா ஒரு முழு காயின்தான் வாங்கணும்னு இல்ல. ஒரு பிட்காயின்ங்கிறது 10 கோடி சதோஷி. நூறு ரூபாய்க்குக்கூட வாங்கிப் பார்த்துக் கத்துக்கலாம். நகையை அடகு வெச்சோ, காலேஜ் ஃபீஸை எடுத்தோ மட்டும் வேண்டவே வேண்டாம். ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா வெட்கப்பட்டுக்கிட்டு நாளைக் கடத்தாதீங்க, உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

அந்தப் பையன் நல்லவனாவே இருக்கலாம். அவனையே யாரோ ஏமாத்தியிருக்கலாம். வாங்காட்டியும் பரவாயில்ல, இந்த மூணு கேள்வியையும் அவனுக்கும் சொல்லிக் கொடுத்துட்டு ரயில் ஏறுங்க.