கல்லூரி அமெரிக்கக் காற்பந்து ஆட்சேர்ப்பு

கல்லூரி அமெரிக்கக் காற்பந்து ஆட்சேர்ப்பு என்பது ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தம் அணிகளுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தெரிவு செய்யும் முறையாகும். இங்கு காற்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தைக் குறிக்கும். இடங்கள் வரையறுக்கப்பட்டவை என்பதால், யாரைச் சேர்ப்பது என்பதைப் போலவே எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதும் பயிற்றுநருக்குக் கடினமான கேள்வியாகும்.

இட வரம்பு

முற்காலத்தில் செல்வ வளமிக்க பல்கலைக்கழகங்கள், எதிரணிக்குச் சென்றுவிடக் கூடாது என்பதற்காகவே நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) 1973 இல் ஓர் அணிக்கான உதவித்தொகைகளை 105 ஆக வரையறுத்தது. முதல்நிலை அணிகளுக்கு இவ்வெண்ணிக்கை 1978 இல் 95 ஆகவும், 1994 இல் 85 ஆகவும் குறைக்கப்பட்டது. ஆண்டுதோறும் புதிதாகச் சேர்க்கக்கூடியவர்கள் 25 பேராக இருந்தனர்.

சிக்கல் இவ்விரு எண்களுக்கும் இடையில் இருந்தது. ஆண்டுக்கு 25 பேர் வீதம் சேர்த்தால் நான்கு ஆண்டுகளில் 100 பேர் ஆகிவிடுவர். ஓராண்டு போட்டிகளில் ஆடாது பயிற்சி மட்டும் பெற்று, ஐந்தாம் ஆண்டும் தொடரும் 'ரெட்ஷர்ட்' ஆட்டக்காரர்களையும் கணக்கிட்டால் நெருக்கடி மேலும் கூடும். ஆகவே காயம், குறைந்த மதிப்பெண், வேறு கல்லூரிக்கு மாறுதல், தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லுதல் ஆகியவற்றால் எத்தனை பேர் விலகுவர் என்பதைப் பயிற்றுநர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருந்தது.

மிகையொப்பந்தம்

இருக்கும் இடங்களைவிடக் கூடுதலான மாணவர்களிடம் ஒப்பம் பெறுவது மிகையொப்பந்தம் எனப்படும். 2009 இல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் 37 பேரிடம் ஒப்பம் பெற்றது. அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகம் சார்ந்த தென்கிழக்கு மாநாடு இவ்வெண்ணிக்கையை 28 ஆகவும், 2011 இல் 25 ஆகவும் வரையறுத்தது.

ஊகம் தவறினால் இழப்பு பயிற்றுநருக்கு அன்று, மாணவருக்கே. சிலரின் சேர்க்கை அடுத்த சனவரிக்குத் தள்ளிவைக்கப்படும். இது 'கிரேஷர்ட்' எனப்படும். கடைசி நேரத்தில் இது தெரியவந்தால், அம்மாணவரை முன்பு அழைத்த பிற கல்லூரிகளில் இடங்கள் நிரம்பியிருக்கும். அணியில் உள்ளவர்களுக்கும் முழு உறுதி இருக்கவில்லை; பல்லாண்டு உதவித்தொகை மீண்டும் அனுமதிக்கப்படும் வரை (2012) அது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதாகவே இருந்தது.

அண்மைய மாற்றங்கள்

2021 முதல் ஆட்டக்காரர் ஓராண்டு காத்திராமல் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆட வழி ஏற்பட்டது. விலகுவோர் பெருகியதால், ஆண்டுக்கு 25 பேர் என்ற வரம்பு 2022 இல் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. பள்ளி மாணவருக்கு உரிய இடத்தை இப்போது பலவேளைகளில் அனுபவமுள்ள மாறுநர் ஒருவர் பெற்றுவிடுகிறார்.

2025 சூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கி, அணியின் மொத்த அளவு 105 ஆயிற்று. உதவித்தொகை பெறுவோர் கூடலாம் எனினும், உதவித்தொகையின்றித் தாமாக முன்வந்து ஆடும் மாணவர்கள் பலருக்கு இதனால் இடமில்லாமற் போகிறது. இவ்வரம்பால் ஏற்கனவே நீக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையில் சேராமல் ஆட விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அவர்களை மீண்டும் சேர்ப்பது கல்லூரியின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளது.